அறுபத்தோராம் பாலம்

ஆம்ப்ரோஸ் டட்லியின் படகை நான் வாங்கியபோது
உள்ளே இருந்தவை:
ஒரு கெட்டில், அரை மூட்டை நிலக்கரி,
மதகு திறக்கும் இரும்புச் சாவி,
மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்த
கால்வாய் வரைபடம்.
படகின் பெயர் ‘ஏறக்குறைய’.
நீளம் ஐம்பதடி. அகலத்தைக் கேட்காதீர்கள்:
உள்ளே இருவர் கடக்க
ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

அச்சடித்தவர்கள்
மதகுக்கும் பாலத்துக்கும் எண் போட்டிருந்தார்கள்.
மற்றதையெல்லாம் ஆம்ப்ரோஸ்
பச்சை மையில் போட்டிருந்தார்.

‘குழாய் உடைசல். அடுத்ததற்குப் போ.’
‘இங்கே ஆண் அன்னம் கொத்தும். பெண்ணும்தான்.’
‘வியாழன் காலை ஆலையில் ரொட்டி. சில்லறை கொண்டு போ.’
‘சுரங்கத்தில் தொப்பி போடு. மழை உள்ளேயும் பெய்யும்.’
‘பதினாலாம் மதகின் இடக்கதவு அழும். அழட்டும்.’

மார்ச் கடைசியில் புறப்பட்டேன்.
மணிக்கு மூன்று மைல்.
கரையில் நாயோடு நடப்பவர்
வணக்கம் சொல்லி, என்னை முந்திப்போய்,
பெஞ்சில் உட்கார்ந்து,
மறுபடியும் வணக்கம் சொல்வார்.

குழாய் உடைந்துதான் இருந்தது.
அன்னம் கொத்தியது. முதலில் பெண்.
பதினாலாம் மதகு அழுதது, அழவிட்டேன்.
பாசிச் சுவர் மெல்ல மெல்லக் கீழே போக,
நிரம்பும் அறையில் படகோடு உயர்ந்தேன்.
விளிம்பில் நின்ற நாமக்கோழி
என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டது.
ஆலை மட்டும் அடுக்குமாடி ஆகியிருந்தது.
ரொட்டியை அடித்துவிட்டுப் பென்சிலால் எழுதினேன்:
‘சலவை இயந்திரம் உண்டு. கேட்டால் விடுவார்கள்.’

அறுபத்தோராம் பாலத்தில்
பச்சை மை அழுந்தியிருந்தது.
‘நிற்காதே.’
அடியில் இரண்டு கோடு.
காரணம் சொல்லாமல் அவர் விட்ட ஒரே இடம்.
ஆழம் போதாதோ,
அடியில் பழைய சைக்கிள்கள் கிடக்கின்றனவோ,
யாராவது மூழ்கினார்களோ என்று
இரண்டு இரவு
நானே ஒரு துயரக் கதை கட்டினேன்,
கூரைமேல் பெய்த மழைக்குத் தோதாக.

அங்கேதான் என்ஜின் நின்றது.
சுழலியில் யாரோ எறிந்த திரைச்சீலை.
முளையடித்துக் கட்டி,
முழங்கை வரை குளிர்த் தண்ணீரில் விட்டு
அறுத்துக்கொண்டிருக்கையில்
மேலிருந்து ஒரு குரல்:
“ஆம்ப்ரோஸ் இருக்கானா?”

ரப்பர் பூட்ஸ். கையில் வாத்து முட்டைக் கூடை.
டில்லி ஹாக்கெட்டாம். பாலத்துக்கு அந்தப்பக்கம் வீடு.
“இறந்துவிட்டார்,” என்றேன், “அக்டோபரில்.”
அவள் படகின் பெயரை ஒருதரம் படித்தாள்.
பிறகு தண்ணீரை.
“என் மதகுச் சாவி அவன்கிட்ட இருக்கு.
ஒன்பது வருஷமா.”

கூரைமேல் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன்.
பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.
அவள் பெருவிரல் அதைத் தேடிப்போன விதத்தில்
சாட்சி வேறு தேவைப்படவில்லை.
“வருஷா வருஷம் இந்த வழியாத்தான் போவான்.
என்ஜின் சத்தம் கேட்கும்.
நான் வெளியே வர்றதுக்குள்ள
வளைவு தாண்டியிருப்பான்.”

மணிக்கு மூன்று மைலில்
ஒரு மனிதன் ஒன்பது வருஷம் தப்பித்தான் என்றால்
துரத்தியவள்
எவ்வளவு மெதுவாக வந்திருக்க வேண்டும்.
நான் கேட்கவில்லை.
நான்கு முட்டைகளை வைத்துவிட்டுப் போனாள்.

இருட்டிய பிறகுதான் உறைத்தது:
முன்னால் ஏழு மதகு,
என்னிடம் சாவி இல்லை.

காலையில் போய்க் கதவைத் தட்டினேன்.
கேட்கும் முன்பே நீட்டினாள்.
“கடன்தான்,” என்றாள். “இந்தப் படகுக்கு
இதைச் சொல்றது ரெண்டாவது தடவை.”

‘நிற்காதே’யை நான் அடிக்கவில்லை.
பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு
முட்டை வேகும் வரை யோசித்தேன்.
பிறகு ஓரத்தில், சின்னதாக:
‘ஆழம் நான்கடி. முளை நன்றாக இறங்கும்.
திரும்பும்போது, என்ஜினை முன்கூட்டியே நிறுத்து.’